சாவி கைமாறும் நாள்: காரைக்குடிப் பக்கத்து வாடகை வீட்டுச் சோதனையைத் தானியங்கியாக்குதல்

அட்வான்ஸைத் திருப்பித் தரும் நாளில் எழுகிற சண்டை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறது: "இந்தக் கறை நாங்க வரும்போதே இருந்துச்சு." இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். மூன்று வருஷம் கழித்து அதை நினைவிலிருந்து யார் சொல்ல முடியும்? குடிவருமுன் எடுத்த படமும், அதே இடத்தில் நின்று காலிசெய்யும் அன்று எடுத்த படமும்தான் சொல்லும். அந்த இரண்டையும் விட்டுப்போகாமல் எடுக்க வைப்பது, ஜோடி சேர்த்துக் காட்டுவது, உரியவர்களுக்கு அனுப்புவது ஆகிய வேலைகளை இயந்திரத்திடம் தாராளமாகக் கொடுக்கலாம். எது தேய்மானம், எது சேதம் என்று தீர்ப்புச் சொல்வதை மட்டும் கொடுக்கக் கூடாது.

செட்டிநாட்டில் இதற்குத் தேவை அதிகம். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். சாவி பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் இருக்கும். குடிவருபவர்கள் அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பொறியியல் கல்லூரி, வங்கிகள் என்று மாற்றலாகி வருகிறவர்கள், அல்லது சேர்ந்து தங்கும் மாணவர்கள். மே, ஜூனில் ஒரே வாரத்தில் நான்கு வீடு மாறும். செக்காலையிலோ சுப்பிரமணியபுரத்திலோ உள்ள கான்கிரீட் வீடு என்றால் இழப்பு ஒரு குழாய், ஒரு கண்ணாடியோடு போகும். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருந்தால், ஒரு ஆணி அடித்ததில் உடைந்த சுண்ணாம்புப் பூச்சைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும்.

எந்தத் தேதியில் தொடங்குவது

எல்லாரும் செய்கிற முதல் தவறு, ஒப்பந்தத் தேதியை வைத்து நினைவூட்டல் போடுவது. ஒப்பந்தம் ஆகஸ்ட் 1 என்று இருக்கும். ஆடியில் குடிபோக மாட்டார்கள் என்பதால் ஆனி கடைசியிலேயே நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடுவார்கள். பிறகு சாமான் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். நினைவூட்டல் ஆகஸ்ட் 1 காலையில் வரும்போது வீட்டில் பீரோவும் கட்டிலும் சுவரை மறைத்து நிற்கும். அன்று எடுக்கிற படம் எதற்கும் உதவாது. மார்கழிக்கு முன்னும் இதே கதைதான்.

ஆகவே தொடங்கும் புள்ளி சாவி. பால் காய்ச்சும் நாளுக்கு முந்தைய நாள், வீடு காலியாக இருக்கும்போது சோதனை முடிந்திருக்க வேண்டும். பால் காய்ச்சும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விடியற்காலை நல்ல நேரம், உறவுக்காரர்கள், தரையில் வழிந்த பால், நிலையில் புதிதாக வைத்த மஞ்சள் குங்குமம் இவற்றுக்கு நடுவே யாரும் நிதானமாகச் சுவர் பார்க்க மாட்டார்கள், பார்க்கச் சொல்வதும் முறையல்ல.

கூகுள் ஷீட்டில் 'குடித்தனம்' என்று ஒரு தாள் போதும். வீட்டு எண், குடியிருப்பவர், பால் காய்ச்சும் நாள், சாவி கொடுத்த நாள், காலி செய்வதாகச் சொன்ன நாள், சாவி திரும்பிய நாள், அட்வான்ஸ் திருப்பிய நாள் என்று ஏழு நெடுவரிசைகள். ஷீட்டோடு சேர்ந்து வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற நிரல் எழுதும் வசதியில், தினமும் காலை 6 முதல் 7-க்குள் நிரலைத் தானாக ஓட்டும் ஒரு நேரத் தூண்டி வைத்து இந்தத் தேதிகளைப் பார்க்கச் செய்யுங்கள். அது அந்த ஒரு மணி நேரத்துக்குள் எந்த நிமிடத்திலும் ஓடும், சரியாக 6 மணி என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று: தாளின் நேர மண்டலமும் ஸ்கிரிப்டின் நேர மண்டலமும் இரண்டுமே கொல்கத்தா (இந்திய நேரம்) என்று இருக்க வேண்டும். ஒன்று இந்தியாவும் மற்றொன்று அமெரிக்காவுமாக இருந்தால் தேதி ஒரு நாள் முன்னால் நகர்ந்துவிடலாம். அப்போது நினைவூட்டல் வரும், ஆனால் தப்பான நாளில் வரும். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சீசனே ஆகும்.

காலிசெய்யும் பக்கத்தில் மூன்று நினைவூட்டல்கள்: 30 நாள் முன், 14 நாள் முன், முந்தைய நாள். நடுவில் உள்ளதுதான் முக்கியம். 14 நாள் முன்பு ஒரு முன்பார்வை வைத்தால், சரிசெய்யக்கூடியதை அவர்களே சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். அட்வான்ஸில் பிடிக்கும் கழிவு பற்றிய பேச்சே வராது. குடியிருக்கும் வீட்டுக்குள் போவதற்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். செய்தியே அந்த அறிவிப்பாக இருக்கும்படி எழுதலாம்:

"வணக்கம் சார். வர்ற ஞாயிறு 11 மணிக்கு வீட்டைப் பார்க்க முருகன் கோயில் தெரு அண்ணன் வருவாங்க. குழாய், சுவிட்ச், சுவர், தரை மட்டும் பார்ப்பாங்க. பூஜை அறைக்குள்ள நீங்க சொன்னாத்தான் போவாங்க. அந்த நேரம் சரிப்படலைன்னா வேற நேரம் சொல்லுங்க."

இதைத் தானாக வாட்ஸ்அப்பில் அனுப்ப வணிகத் தளக் கணக்கு வேண்டும். முன்கூட்டியே அனுமதி பெற்ற வார்ப்புச் செய்தியும் (டெம்ப்ளேட்) வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் கடைசியாகப் பேசி 24 மணி நேரம் ஆகிவிட்டால் வார்ப்புச் செய்தி மட்டுமே போகும். குறுஞ்செய்தி என்றால் அதற்குத் தனிப் பதிவு நடைமுறை இருக்கிறது. பத்து, பதினைந்து வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. செய்தி ஏற்கெனவே நிரப்பப்பட்ட வாட்ஸ்அப் இணைப்பை ஸ்கிரிப்ட் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பட்டும். நீங்கள் ஒரு தட்டுத் தட்டி அனுப்புங்கள். ஒரு மனிதர் பார்த்துவிட்டு அனுப்பிய செய்தி என்பதால் தப்பான ஆளுக்குப் போவதும் குறையும்.

பட்டியல்

இரண்டாவது தாள் 'பொருள்'. ஒரு வரி, ஒரு பொருள். வீடு, அறை, பொருள் எண், எங்கே நின்று பார்ப்பது, படம் வேண்டுமா, எண்ணிக்கை வேண்டுமா, யார் பொறுப்பு, எந்த வருஷம் பொருத்தியது. வரிகள் நடக்கும் வழியிலேயே இருக்க வேண்டும்: திண்ணை, முகப்பு, பட்டாலை என்ற கூடம், நடு முற்றத்தைச் சுற்றிய வளவு, வளவறைகள், இரண்டாங்கட்டு, சமையல்கட்டு, கொல்லை, கடைசியில் மாடி. எல்லாக் குழாயும் ஒரு பக்கம், எல்லாச் சுவிட்சும் ஒரு பக்கம் என்று வகைவாரியாகப் பட்டியல் போட்டால் பார்ப்பவர் முன்னும் பின்னும் நான்கு தடவை நடக்க வேண்டிவரும். மூன்றாவது நடையில் சலித்துப்போய் பாராமலே 'சரி' என்று தட்டிவிடுவார். அது அவர் குற்றமில்லை.

தமிழில் அறைப் பெயரை வைத்துப் பொருத்தம் பார்க்கும் சூத்திரம் எழுதாதீர்கள். 'ொ' என்ற உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு 'கொல்லை' ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒரு கைபேசி விசைப்பலகையில் அடித்ததும் மற்றொன்றில் அடித்ததும் பொருந்தாமல் போய், காலிசெய்த அறிக்கையில் கொல்லைப்புறம் முழுக்கக் காணாமல் போகும். வீடு 12, அறை 04, பொருள் 07 என்று எண்ணால் அடையாளம் கொடுங்கள். தமிழ்ப் பெயர் மனிதர் படிக்க மட்டும் இருக்கட்டும். ஏற்கெனவே பெயர்களால் கட்டிவிட்டவர்கள், ஒப்பிடும் முன் இந்த இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் என்ற படியை ஸ்கிரிப்டில் சேர்த்தால் தப்பிக்கலாம்.

பார்ப்பவர் கையில் இருக்க வேண்டிய செயலிக்கு கூகுள் படிவத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். கோப்பு ஏற்றும் கேள்விக்கு அவர் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும், ஒரு கேள்விக்குப் பத்துக் கோப்புதான், எல்லாவற்றுக்கும் மேலாக இணையம் இல்லாவிட்டால் ஏற்றவே முடியாது. பழைய வீட்டின் கனத்த சுவருக்குள் கைபேசிச் சைகை திண்ணையோடு நின்றுவிடும். கோபோகலெக்ட் என்ற ஆண்ட்ராய்டு செயலி இந்த இடத்துக்குப் பொருத்தம். படிவத்தை முன்பே இறக்கிக்கொண்டு, இணையம் இல்லாமலே நிரப்பி, படம் எடுத்து, வெளியே வந்து அனுப்பலாம். கேள்விகளை எக்செல் தாளில் எழுதி ஏற்றினால் படிவம் தயார். கேள்வி தமிழில் வரும். செயலி அந்தக் கேள்வியை அடையாளம் காணும் உள்பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில், எண்ணில் தொடங்காமல் இருக்க வேண்டும், அதனால் எண்ணுக்கு முன் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தின் நீளப் பக்கத்துக்கு 2000 புள்ளி (பிக்சல்) என்று வரம்பு கொடுத்தால் சிறு விரிசலும் தெரியும், அனுப்பவும் திணறாது. ஒரு திரைக்கு ஒரு கேள்வி. விடை மூன்றே: சரி, குறை உண்டு, பார்க்க முடியவில்லை. மூன்றாவதை வைக்காவிட்டால் பூட்டியிருந்த அறையும் 'சரி' ஆகிவிடும்.

படம்

ஓர் அறைக்கு ஆறு: நான்கு மூலையிலும் முதுகை வைத்து எதிர்மூலையைப் பார்த்து நான்கு, தரை ஒன்று, மேற்கூரை ஒன்று. எட்டு இடம் உள்ள வீட்டுக்கு 48 படம். குறை உள்ள இடங்களின் கிட்டப் படம் இருபது என்று வைத்தால் எழுபதுக்குள் முடியும். கைப்பழகியவருக்கு ஒரு மணி நேரம். கேமராவை 1 என்ற சாதாரண லென்ஸிலேயே வையுங்கள். அகலக் கோணத்தில் அறை முழுவதும் அடங்கும், ஆனால் ஓரங்கள் இழுபட்டு விரிசலின் நீளம் பொய்யாகிவிடும்.

ஒவ்வோர் அறையிலும் தரையில் ஓர் அட்டையை வைத்து எடுப்பது, இந்த ஏற்பாட்டிலேயே மிகச் சின்னச் செலவும் மிகப் பெரிய பலனும். ஏ5 அளவு, 300 ஜிஎஸ்எம், மின்னாத தாள். நடுவில் அறை எண்ணின் க்யூஆர் குறி, ஓரத்தில் 100 மில்லிமீட்டர் அளவுகோல், வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று பட்டை. லேமினேட் செய்யாதீர்கள், வெளிச்சம் பட்டுக் க்யூஆர் மறைந்துவிடும். அச்சடிக்கும் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அடிக்கச் சொல்லி, ஸ்கேலால் ஒரு தடவை அளந்து வாங்குங்கள். அறை மாறிப் போய்விட்ட படம், அளவு தெரியாத விரிசல், மஞ்சள் பல்பில் மஞ்சளாகத் தெரிந்த வெள்ளைச் சுவர் எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அட்டை பதில் சொல்லும். கிட்டப் படத்தில் அட்டைக்கு இடமில்லாவிட்டால் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். அட்டையைப் பழைய சுவரில் ஒட்டவே கூடாது. டேப்பைப் பிரிக்கும்போது சுண்ணாம்புப் பூச்சின் மெருகு சேர்ந்து வந்துவிடும்.

வெளிச்சத்துக்கு 9 வாட் வெள்ளை எல்இடி பல்பு ஒன்றைப் பையில் வைத்து, அறைக்கு அறை அதையே மாட்டுங்கள். வரும்போது வெள்ளை பல்பு, போகும்போது மஞ்சள் பல்பு என்றால் சுவர் மங்கிவிட்டது என்று எல்லார் கண்ணுக்கும் தோன்றும். முற்றத்தை ஒட்டிய வளவில் உச்சி வெயில் நேரத்தில் எடுத்தால் முற்றம் வெளுத்து, தூணுக்குப் பின்னால் எல்லாம் கறுத்துவிடும். காலை எட்டு, ஒன்பது மணி நல்லது.

செட்டிநாட்டு வீட்டில் நேராக எடுத்த படம் காட்டாதவை சில உண்டு. டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்து எடுத்தால்தான் அவை தெரியும். சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, கடுக்காய் எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சில் ஆணி இறங்கினால், துளை சிறிதாகத்தான் இருக்கும், சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு சுவரை விட்டுக் கழன்று நிற்கும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், உள்ளே வெறுமையாக இருக்கிற சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பத்து நொடிக் காணொளியாக எடுத்து வையுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லுக்கும் அதே சாய்ந்த வெளிச்சம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துகிற கல் அது. சூளையில் சுடுவதில்லை. அதனால் அமிலம் பட்டால் சிமெண்டே கரையும். கழிவறை கழுவும் அமிலத் திரவம் வாசலைத் தாண்டி ஒழுகிய இடத்தில் பளபளப்புப் போய், வெள்ளையாக ஒரு வரம்பு விழும். நேரே எடுத்த படத்தில் அது ஈரம் போலத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் மெருகுள்ள கல்லுக்கும் அரிக்கப்பட்ட கல்லுக்கும் நடுவே கோடு தெளிவாக விழும். குளியலறை, கழிவறை வாசலை ஒட்டிய முதல் இரண்டு வரிசைக் கல்லுக்கு இந்தப் படம் கட்டாயம். குடிவரும் நாளிலேயே "தரைக்கு அமிலம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும், மெருகுக்கு எப்போதாவது தேங்காயெண்ணெய் துணி" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். சொல்லாத விதியை மீறினார்கள் என்று யாரிடமும் பணம் பிடிக்க முடியாது.

பெயிண்டால் போட்ட நிரந்தரக் கோலம் சேதம். மாவுக்கோலமும் நிலையில் வைத்த மஞ்சளும் சேதமல்ல. மாடத்தில் விளக்கிலிருந்து வழிந்த எண்ணெய்க் கறை, வீட்டில் விளக்கு எரிந்தது என்பதன் அடையாளம். அதற்குக் காசு கேட்பது நியாயமில்லை. இவற்றை முன்னாலேயே பட்டியலின் குறிப்பில் எழுதிவையுங்கள்.

ஈரக்கறைக்கு மாதத்தைப் பாருங்கள். ஜூனில் குடிவந்து டிசம்பரில் போகிறவரின் வீட்டில், வடகிழக்குப் பருவமழை ஓட்டுக்கு அடியிலும் சுவர் மேற்பகுதியிலும் வரைந்துவிட்டுப் போன கறை அவர் கணக்கில் வரக்கூடாது. அறிக்கையில் இரண்டு படத்தின் மேலும் மாதத்தைப் பெரிய எழுத்தில் போடும்படி ஸ்கிரிப்டை எழுதினால் பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கும்.

ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். கனத்த சுவருக்குள் அது பக்கத்துத் தெருவைக் காட்டும். முதல் படம் கதவிலக்கம், இரண்டாவது படம் மின் இணைப்பு எண் தெரியும்படி மீட்டர். அதுவே இருப்பிடச் சான்று.

இயக்கிப் பார்ப்பது

மீட்டர் திரை தானாக மாறிக்கொண்டே இருக்கும். யூனிட் காட்டும் திரை வரும்வரை காத்திருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பதால் காலிசெய்கிறவர் பெரும்பாலும் நடுவில்தான் போவார். அவருக்கும் புதிதாக வருகிறவருக்கும் தனித்தனியாகக் கட்டண அட்டவணை போட்டுக் கணக்கிட்டால், இலவச யூனிட் இரண்டு பேருக்கும் கழிந்து, கூட்டினால் பில் தொகை வராது. மொத்த பில்லை யூனிட் விகிதத்தில் பிரியுங்கள். 420 யூனிட்டில் 260 அவர் ஓட்டியிருந்தால் பில் தொகையில் 420-க்கு 260 பங்கு. பில் வரும்வரை அதற்கு மட்டும் ஒரு தொகையை நிறுத்தி வைத்துக்கொண்டு, மீதி அட்வான்ஸை உடனே கொடுத்துவிடலாம்.

குழாய்க்கு 'நன்றாக வருகிறது' என்பது பதிவல்ல. வாளியில் பத்து லிட்டருக்குக் கோடு போட்டு, நிரம்ப எத்தனை நொடி என்று எழுதுங்கள். வரும்போது 60 நொடி, போகும்போது 150 நொடி என்றால் பெரும்பாலும் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு குழாய் முனை வலையில் படிந்திருக்கும். கழற்றிக் கழுவினால் தீரும், யாரிடமும் பிடிக்க வேண்டியதில்லை. கழிவுநீர்க் குழாயில் இரண்டு வாளி ஊற்றி, வடிகிற நேரம். மின்விசிறிக்கு ஒன்று முதல் ஐந்து வரை திருப்பி ஒரு சிறு காணொளி. கசிவு மின் துண்டிப்பானின் (ஆர்சிசிபி) சோதனைப் பொத்தானை அழுத்தினால் அதன் விசை விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீசியன் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இது அட்வான்ஸ் சம்பந்தப்பட்டதல்ல, உயிர் சம்பந்தப்பட்டது.

சில குறைகள் குடியிருந்தால்தான் தெரியும். எனவே குடிவந்தபின் ஏழு நாளுக்கு, குடியிருப்பவரே படத்தோடு சேர்த்து அனுப்ப ஓர் இணைப்பு திறந்திருக்கட்டும். எட்டாம் நாள் ஸ்கிரிப்ட் அதை மூடி, சேர்ந்தவற்றையும் வைத்து அறிக்கையைப் புதுப்பித்து இருவருக்கும் அனுப்பும். இந்த ஏழு நாளைக் கொடுக்காத எந்த ஏற்பாடும் வீட்டுக்காரருக்கான ஆயுதமாகத்தான் முடியும். அதை நான் ஏற்க மாட்டேன்.

ஜோடி சேர்த்தல்

இரவில் ஸ்கிரிப்ட், கோபோகலெக்ட் அனுப்பியவை சேரும் கோபோ தளத்திலிருந்து புதிய பதிவுகளை எடுத்து, படங்களைக் கூகுள் டிரைவில் வீட்டு எண்ணுள்ள அடைவில் போட்டு, அறை எண்ணும் பொருள் எண்ணும் ஒத்தவற்றை இடம், வலமாக ஒரு டாக்ஸ் ஆவணத்தில் வைத்து பிடிஎஃப் ஆக்குகிறது. தளத்துக்குள் ஸ்கிரிப்ட் நுழையப் பயன்படும் திறவுகோலை (ஏபிஐ கீ) தாளில் எழுதி வைக்காமல் ஸ்கிரிப்டின் உள்ளமைவில் வையுங்கள், தாளைப் பலர் பார்ப்பார்கள். ஒரு ஓட்டத்துக்கு ஆறு நிமிடம்தான் அனுமதி. எழுபது ஜோடியை ஒரே மூச்சில் வைக்க முயன்றால் நடுவில் நின்று பாதி அறிக்கை பிறக்கும். அதைவிட மோசம், அந்தப் பாதி அறிக்கை முழு அறிக்கை போலவே தோன்றும். பத்துப் பத்தாகச் செய்து, எந்த வரியில் நின்றோம் என்பதைக் குறித்து, அடுத்த தூண்டியில் தொடரச் செய்யுங்கள். பட்டியலில் உள்ள பொருள் எண்ணிக்கையும் ஆவணத்தில் உள்ளதும் சமமாகாதவரை பிடிஎஃப் வெளியே போகக் கூடாது.

படத்தை இயந்திரமே ஒப்பிட்டு மாற்றத்தைக் கண்டுபிடிக்கட்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். சமதளமான வெள்ளைச் சுவரில் ஓரளவு வேலை செய்யும். ஆத்தங்குடித் தரையில் தடுமாறும். இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்த, மென்பொருள் தனித்துத் தெரியும் புள்ளிகளைத் தேடுகிறது. இங்கே ஒரே பூ நூறு கல்லில் திரும்பத் திரும்ப வருவதால் எந்தப் பூ எந்தப் பூ என்று அதற்குப் புரிவதில்லை. ஒரு கல் தள்ளிப் பொருத்திவிட்டு, தரை முழுக்க மாறிவிட்டது என்று சிவப்பு அடிக்கும். தரையில் வைத்த அட்டையின் க்யூஆர் மூலைகளை நங்கூரமாகக் கொடுத்தால் நிலைமை மேம்படும். அதற்கு அட்டை இரண்டு தடவையும் ஒரே கல்லில், ஒரே மூலையை ஒட்டி இருக்க வேண்டும். அப்போதும் நிழல், ஈரம், கையால் செய்த கல்லின் நிற வேறுபாடு எல்லாம் 'மாற்றம்' என்றே வரும். இயந்திரம் சொல்வதை 'முதலில் இதைப் பார்' என்ற வரிசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பு வட்டத்தைக் குடியிருப்பவருக்கு அனுப்பும் அறிக்கையில் போடாதீர்கள். பார்த்த மாத்திரத்தில் குற்றச்சாட்டாகிவிடும்.

படம் வந்து சேர்ந்தவுடனே கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைக் கணக்கிட்டுத் தாளில் எழுத வைப்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது இணைக்கும் சான்றிதழ்ப் படிவத்தில் இந்த எண் கேட்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எண் மாறிவிடும், எடுத்த நேரத் தகவலும் போய்விடும். கேலரியில் திருப்பிச் சேமித்தாலும் மாறும். வேறு வழியில்லாதபோது வாட்ஸ்அப்பில் 'ஆவணம்' என்று அனுப்பச் சொல்லுங்கள்.

சாவிகளையும் அட்டைமேல் பரப்பி எண்ணிப் படம் எடுக்க வேண்டும், பழைய பூட்டின் பெரிய இரும்புச் சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டி வரும். அந்தப் படம் மட்டும் பிடிஎஃப்பில் போகக் கூடாது. பல்வெட்டுத் தெரியும் படத்தைப் பார்த்தே மாற்றுச் சாவி வெட்ட முடியும். அறிக்கையில் எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். பொது வீடாக இருந்தால் பங்காளிகள் எல்லாருக்கும் பார்க்க மட்டும் அனுமதியுள்ள இணைப்பு போகலாம். குடியிருப்பவரின் ஆதார் நகல் அந்த அடைவில் இருக்கவே கூடாது.

கழிவு

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. காலிசெய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போகத் திருப்ப வேண்டும். அதன் இரண்டாம் அட்டவணை யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பிரிக்கிறது: கட்டட அமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் வண்ணம், குழாய் மாற்றம், வயரிங் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, அடைப்பு நீக்கல் போன்றவை குடியிருப்பவருக்கு. 'யார் பொறுப்பு' நெடுவரிசையை இதைப் பார்த்தே நிரப்புங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கிற வழக்கம் இந்தப் பிரிவினையோடு ஒட்டாது. பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள வீட்டில் அது இரட்டைத் தீங்கு. அவசரத்தில் பிளாஸ்டிக் எமல்ஷனைப் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடுத்த மழையில் கொப்புளித்து உரியும்.

கணக்கை ஸ்கிரிப்ட் செய்யலாம். பத்து வருஷம் உழைக்கும் என்று இருவரும் ஒப்புக்கொண்ட 2,400 ரூபாய் மின்விசிறி, ஆறு வருஷம் ஓடியபின் இறக்கை வளைந்து போனால், மீதி நான்கு வருஷத்துக்கு 960 ரூபாய்தான். புதுசின் முழு விலையைக் கேட்கக் கூடாது. இந்தச் சூத்திரம் பர்மா தேக்குக் கதவுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் பொருந்தாது. அவற்றுக்கு உடைந்த கல்லின் எண்ணிக்கை, கல் விலை, பதிக்கும் கூலி அவ்வளவே. தரை போடும்போதே அதே தொகுதியில் இருபது கல் கூடுதலாக வாங்கி வைத்திருந்தால் நிறம் பொருந்தவில்லை என்ற பிரச்சினையும் வராது. தொகை வந்தபின் அது நேரே குடியிருப்பவருக்குப் போகாமல், வீட்டுக்காரர் ஒவ்வொரு வரியையும் பார்த்து 'ஆம்' போட்டபின்தான் போக வேண்டும். சாவி திரும்பிய 20-ஆம் நாளும் 27-ஆம் நாளும் 'அட்வான்ஸ் இன்னும் போகவில்லை' என்ற நினைவூட்டல் வீட்டுக்காரருக்கே வரட்டும்.

ஒருவர் காலிசெய்த அன்றைய படங்களை அடுத்து வருபவரின் தொடக்கப் படமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். நடுவில் பெயிண்டர் வருவார், பிளம்பர் வருவார், வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டுக்கு அதே செயலியில் பத்துக் கேள்வியுள்ள சின்னப் படிவம் ஒன்றை மாதம் ஒருமுறை ஓட்டுங்கள்: நிலையிலும் கதவடியிலும் கரையான் மண் கோடு, ஓட்டு ஒழுகல், முற்றத்து வடிகால் அடைப்பு, தொட்டி மூடி, மீட்டர் யூனிட். பார்த்துக்கொள்பவருக்கு முதல் தேதி காலையில் "அண்ணே, 12-ஆம் நம்பர் வீட்டை இந்த வாரம் ஒரு எட்டு பார்த்துருங்க" என்று செய்தி போகட்டும். ஆளில்லாத வீட்டில் மீட்டர் ஓடியிருந்தால் அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். எங்கோ மோட்டாரோ விளக்கோ அணைக்காமல் விட்டிருக்க வேண்டும், அல்லது வயரில் கசிவு இருக்க வேண்டும்.